விரலில் கட்டிய விளக்கு

"மேடம், கண்மையைக் கொஞ்சம் துடைச்சுட்டு வர முடியுங்களா?"

கோவையில் ஒரு தொழில்நுட்பக் கண்காட்சி. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு என் முறை வந்திருந்தது. கண்ணையும் கையையும் பின்தொடரும் மெய்நிகர் ஹெட்செட் அது. கையில் பிடிக்கும் கருவி எதுவும் கிடையாது. எதைத் தொட வேண்டுமோ அதைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சிட்டிகை உப்பு எடுப்பதுபோலக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்க்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஏழெட்டு ஆண்கள் ஒரு நிமிடத்தில் பழகிக்கொண்டு விளையாடிவிட்டுப் போனார்கள். எனக்கோ நான் பார்த்த இடம் ஒன்றாகவும் ஒளிர்ந்த இடம் வேறொன்றாகவும் இருந்தது. அப்போதுதான் அங்கிருந்த இளைஞர் கண்மையைப் பற்றிக் கேட்டார். வளையலையும் கழற்றிவிட்டால் நல்லது என்றார்.

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. ஹெட்செட்டின் உட்புறம் கண்ணைச் சுற்றிச் சிறு அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். அவற்றின் ஒளி கண்ணின் மேற்பரப்பில் புள்ளிகளாக எதிரொளிக்கும். நடுவில் கண்மணி ஒரு கரிய வட்டமாகத் தெரியும். புள்ளிகளுக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்வையின் திசையை மென்பொருள் அறிகிறது. இமையில் அடர்த்தியாக மை இருந்தால் அதுவும் கறுப்பாகவே தெரியும். எது கண்மணி, எது மை என்று கருவி குழம்பும். இமைமை பூசிய கண்கள் தொல்லை தரும் என்பது கண்தடம் பதிவுசெய்யும் ஆய்வகங்களில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அறிந்த பிறகும் கருவியை மாற்றாமல் மையைத் துடைக்கச் சொல்வதே வழக்கம். வளையல் விஷயம் உண்மையா, அவருடைய அனுமானமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. துடைத்தேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். இந்த முறை வேலை செய்தது.

அன்று இரவு திருப்பூரில் இருக்கும் அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். அக்கா பதினேழு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போனவள். டெய்லருக்கு அருகில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கித் திருப்பி மடித்து அடுக்குவது, இதுதான் கைமடி வேலை. "எங்களையும் வளையலக் கழட்டச் சொன்னாங்க சாமி. அப்பறம் ஒருத்தரு வந்து கையவே பாத்துட்டு நின்னாரு. கையில ஒரு கடிகாரம்" என்றாள்.

கையையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பது. அந்த வரிதான் என்னை நூறாண்டு பின்னே இழுத்துக்கொண்டு போனது.

மெய்நிகர் உலகின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1968இல் தொடங்குவார்கள். அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்துகாட்டிய ஆண்டு அது. பிறகு 1980களுக்குத் தாவுவார்கள். கையில் மாட்டாமலே கிதார் வாசிப்பதுபோல் விரலசைத்து இசையெழுப்ப ஆசைப்பட்ட தாமஸ் சிம்மர்மேன், அவரோடு சேர்ந்த ஜேரன் லேனியர், அவர்களுடைய வி.பி.எல். நிறுவனம், ஒளியிழைகள் ஓடும் டேட்டா கையுறை. 1987 அக்டோபரில் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழின் அட்டையில் அந்தக் கையுறை வந்தது. அதே நிறுவனத்தில் பொருள் வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆன் லாஸ்கோ ஹார்வில் என்ற பெண் என்பது அந்தக் கதைகளில் அடிக்குறிப்பாகக்கூட வராது. அதை ஒரு பக்கம் வைப்போம். என் கேள்வி இன்னும் பழையது. அசையும் ஒரு கையின் பாதையை முப்பரிமாணத்தில் முதலில் பதிவுசெய்ய நினைத்தவர்கள் யார், யாருடைய கையை?

விடை 1910களில், அமெரிக்காவின் கிழக்குக் கரைத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் என்ற தம்பதி. ஃபிராங்க் கொத்தனாராகத் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரரானவர். லிலியன் 1878இல் கலிபோர்னியாவில் பிறந்து இலக்கியம் படித்து, பிறகு உளவியலுக்கு வந்தவர். 1912இல் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் சினிமாக் கேமராவை வைத்துத் தொழிலாளரைப் படம்பிடித்தார்கள். வேகமாகச் சுழலும் முள் கொண்ட ஒரு கடிகாரமும் படச்சட்டத்துக்குள் இருக்கும். அடுத்து இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார்கள். தொழிலாளியின் விரலில் மோதிரம்போல ஒரு சிறு மின்விளக்கைக் கட்டினார்கள். அரையிருட்டில் கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள். வேலை முடியும்போது புகைப்படத் தகட்டில் விரல் போய்வந்த வழி முழுவதும் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தபோது கோடு புள்ளிகளாக உடைந்தது. புள்ளிகள் நெருங்கியிருந்தால் கை மெதுவாகப் போனது, விலகியிருந்தால் வேகமாகப் போனது என்று பொருள். இதற்குக் குரோனோசைக்கிள்கிராஃப் என்று பெயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களை இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்தார்கள். ஸ்டீரியோஸ்கோப் என்ற பெட்டியில் கண்களை வைத்துப் பார்த்தால் இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் தெரியும். கையின் பாதை ஆழத்தோடு காற்றில் மிதக்கும். இன்றைய ஹெட்செட்டும் அடிப்படையில் இதே தந்திரம்தான். ஆக, கை பின்தொடர்தலும் கண்ணில் வைத்துப் பார்க்கும் பெட்டியும் 1910களிலேயே ஒரே மேசையில் சந்தித்திருக்கின்றன. அந்த ஒளிக்கோடுகளைப் பார்த்துக் கம்பியை வளைத்து உருவங்கள்கூடச் செய்தார்கள். 'சரியான' அசைவு எப்படி இருக்கும் என்று தொழிலாளிக்குக் காட்டும் மாதிரிகள் அவை.

கில்பிரெத்கள் ஆராய்ந்த வேலைகளில் கைக்குட்டை மடிப்பதும் ஒன்று. மடித்தவர்கள் இளம்பெண்கள். நான் பார்த்த படங்களில் ஒளிக்கோடு பளிச்சென்று தெரிகிறது. பெண்ணின் முகம் நிழலில் மங்கிக் கிடக்கிறது. பெயர் எங்கும் இல்லை. கேமராவுக்குத் தேவைப்பட்டது விரல்நுனி மட்டுமே. மெய்நிகர் உலகில் நாம் மாட்டிக்கொண்டு பார்க்கும்போது உடல் மறைந்து, மணிக்கட்டில் அறுந்த இரண்டு கைகள் மட்டும் முன்னால் மிதக்குமே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வரும்.

லிலியனை வில்லியாக்கிவிட்டுப் போவது எளிது, நியாயமாகாது. பிரெடரிக் டெய்லரின் கடிகாரத்துக்கு எதிராகத்தான் கில்பிரெத்கள் தங்கள் முறையை முன்வைத்தார்கள். வேலையில் உடல் ஏன் களைக்கிறது என்று கேட்டார்கள். நின்றபடி வேலை செய்த பெண்களுக்கு உயரம் பொருந்திய நாற்காலி வேண்டும், இடையிடையே ஓய்வு வேண்டும் என்றார்கள். 1916இல் களைப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். உளவியலை நிர்வாகவியலுக்குள் கொண்டுவந்த லிலியனின் நூல் 1914இல் வெளியானபோது ஆசிரியர் பெயர் எல். எம். கில்பிரெத் என்று மட்டுமே அச்சானது. எழுதியது பெண் என்று தெரியக்கூடாது என்பது பதிப்பகத்தின் நிபந்தனை. 1924இல் ஃபிராங்க் திடீரென்று இறந்தார். பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொரு பேர் உயிரோடு இருந்தார்கள். பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே வேலையை அதே மூளை செய்தாலும் கணவர் இல்லாத பெண்ணிடம் ஆலோசனை கேட்கத் தயங்கினார்கள். அவர் சமையலறை வடிவமைப்புக்கும் கடைப் பெண்களின் வேலைக்கும் திரும்பினார். 1920களின் நடுவில் ஒரு நிறுவனத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் மாதவிடாய்ப் பஞ்சைப் பற்றிக் கேட்டு அறிக்கை எழுதினார். 'பெண்கள் விஷயம்' என்று ஒதுக்கிய வாசல் வழியாக நுழைந்து, 1935இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். அத்தனைக்கும் பிறகு உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது பிள்ளைகள் எழுதிய வேடிக்கைப் புத்தகத்தில் வரும் அம்மாவாகத்தான்.

கில்பிரெத்கள் எல்லாக் கைவேலையையும் பதினேழு பதினெட்டு அடிப்படை அசைவுகளாகப் பிரித்தார்கள். தங்கள் பெயரையே பின்னிருந்து முன்னாகத் திருப்பி அவற்றுக்குத் 'தெர்ப்லிக்' என்று பெயரிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. 'தேடு' என்பதற்குப் பக்கம் திரும்பிய கண். 'கண்டுபிடி' என்பதற்கு நேராக நிலைத்த கண். 'பற்று' என்பதற்கு விரிந்த கை. தேடி, கண்டு, பற்றுவது. கோவையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் இதேதான்: பாருங்கள், நிலைத்து நில்லுங்கள், விரலைச் சேருங்கள்.

அந்தக் குறிகள் ஏட்டோடு நிற்கவில்லை. 1948இல் வெளியான எம்.டி.எம். என்ற முறை ஒவ்வோர் அசைவுக்கும் காலத்தை நிர்ணயித்தது. அதன் அலகு ஒரு மணி நேரத்தின் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 விநாடி. அந்த அட்டவணையில் கைக்கு மட்டும் இடமில்லை, கண்ணுக்கும் உண்டு. ஒரு பொருள்மேல் பார்வையை நிலைநிறுத்த 7.3 அலகு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ கால் விநாடி. ஒரு பார்வைக்குக் கால் விநாடிக் கூலி. ஆடைத் தொழிலில் ஒரு சட்டைக்கு இத்தனை நிமிடம் என்று இன்று விதிக்கும் கணக்குமுறைகள் சிலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. அக்காவின் கையைப் பார்த்து நின்ற மனிதரின் தாளில் இருந்தது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் எண்.

கண்ணைப் பின்தொடர்ந்த கதை தனி. அதன் தொடக்கம் கொஞ்சம் கொடூரமானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எட்மண்ட் ஹ்யூயி என்ற அமெரிக்க உளவியலாளர், வாசிக்கும்போது கண் எப்படி ஓடுகிறது என்று அறியக் கண்ணின்மேல் சாந்தால் செய்த ஒரு சிறு கிண்ணத்தை ஒட்டவைத்தார். மரத்துப்போகக் கொக்கெயின். கிண்ணத்தில் இணைத்த அலுமினிய முள் அசைவைக் கீறிக் காட்டும். பிறகு ஒளியை எதிரொளிக்கச் செய்து படமெடுக்கும் முறை வந்ததும் கண்ணைத் தொட வேண்டியிருக்கவில்லை. தொடத் தேவையில்லை என்றானதும் கேட்கவும் தேவையில்லை என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

1957இல் வான்ஸ் பேக்கார்ட் எழுதிய விளம்பர உலகம் பற்றிய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஜேம்ஸ் விகரி என்ற சந்தை ஆய்வாளர் சூப்பர் மார்க்கெட்டில் மறைவாகக் கேமராக்களை வைத்துப் பெண்கள் எத்தனை முறை கண் சிமிட்டுகிறார்கள் என்று எண்ணினார். சாதாரணமாக நிமிடத்துக்கு 32 முறை சிமிட்டும் கண், அலமாரிகளுக்கு நடுவே நடக்கும்போது 14க்கு இறங்கிவிடுகிறது, பில் போடும் இடத்தில் மணியடித்ததும் 45க்கு ஏறுகிறது என்று சொன்னார். பெண்கள் மயக்கத்தில் பொருள் வாங்குகிறார்கள் என்பது அவருடைய முடிவு. இதே விகரிதான் திரையில் கண்ணுக்குத் தெரியாமல் விளம்பரம் காட்டி விற்பனையைக் கூட்டியதாகச் சொல்லி, அந்தச் சோதனை பொய்யென்று பின்னாளில் வெளியாகிப் பெயர்கெட்டவர். ஆகவே அவர் எண்களை நான் நம்பவில்லை. எண்ணியது உண்மையா என்பதைவிட எண்ணத் தோன்றியதே எனக்கு முக்கியம். வீட்டுச் செலவுக்குப் பணத்தை எண்ணிக்கொண்டு, எதை வாங்குவது எதை விடுவது என்று மனக்கணக்குப் போடுகிறவளின் கண் சிமிட்டாமல் இருந்தால் அது மயக்கமா? ஊன்றிக் கவனிக்கிறாள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

கணினிக்குக் கண்ணால் கட்டளையிடும் ஆராய்ச்சி வேகம்பிடித்தபோது வேறொரு சிக்கல் வந்தது. 1990இல் ராபர்ட் ஜேகப் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு மைடாஸ் அரசனின் பெயரை வைத்தார். தொட்டதெல்லாம் பொன்னான அரசனைப்போல, பார்த்ததெல்லாம் திறந்துகொண்டால் என்ன செய்வது? நாம் சும்மாவும் பார்க்கிறோம், யோசனையில் வெறிக்கிறோம், பிடிக்காததையும் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறோம். பார்ப்பது வேறு, வேண்டும் என்பது வேறு. ஆகவே கண் குறிவைக்கட்டும், சம்மதத்தைக் கை சொல்லட்டும் என்ற ஏற்பாடு பிறந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகிறது. விரலைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும்வரை நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பது செயலிகளுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பார்த்தாலே சம்மதம் என்று நம்மிடம் எத்தனை பேர் சாதித்திருக்கிறார்கள்! பொறியியலாளர்களுக்கு விளங்கிய வேறுபாடு இது.

இதற்கு நடுவே, இந்தக் கருவிகளை வேறு விதமாக எண்ணிப்பார்த்த பெண்கள் இருந்தார்கள். 1992-93இல் கனடாவின் பான்ஃப் மையத்தில் பிரெண்டா லாரலும் ரேச்சல் ஸ்டிரிக்லாண்டும் 'பிளேஸ்ஹோல்டர்' என்ற மெய்நிகர் உலகத்தை உருவாக்கினார்கள். அந்தக் காலத்தில் ஒற்றைக் கைக்குக் கையுறை, விரலை நீட்டினால் அந்தத் திசையில் பறப்பது என்பதுதான் நடைமுறை. துப்பாக்கியைப்போல நீண்ட ஒரு விரலின் பின்னால் உலகம் ஓடிவரும். இவர்கள் இரண்டு கைகளும் வேண்டும் என்றார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் உள்ள தூரத்தை அளக்கும் எளிய பிடிப்பானைச் செய்தார்கள்; இன்றைய சிட்டிகை அசைவின் மூத்த சகோதரி. ஒரே நேரத்தில் இருவர் உள்ளே போகலாம். சிலந்தி, பாம்பு, மீன், காகம் என ஏதோவொன்றின் உடலை எடுத்துக்கொள்ளலாம். காகமானால் கைகளைச் சிறகாக அடித்துத்தான் பறக்க வேண்டும். அருவியும் குகையும் அந்த வட்டாரத்து இடங்களிலிருந்து எடுத்தவை. போகிறவர்கள் தங்கள் குரலை அங்கே விட்டுவிட்டு வரலாம்.

1995இல் மான்ட்ரியலில் ஷார் டேவிஸ் காட்டிய 'ஆஸ்மோஸ்' இன்னும் ஒரு படி போனது. அதில் கைக்கே வேலை இல்லை. பார்ப்பவர் மார்பைச் சுற்றி ஒரு கச்சை. அது மூச்சை அளக்கும். மூச்சை இழுத்தால் மேலே எழுவீர்கள், விட்டால் இறங்குவீர்கள், சாய்ந்தால் அந்தப் பக்கம் நகர்வீர்கள். டேவிஸ் கடலுக்கடியில் மூழ்கிப் பழகியவர்; அந்த மிதப்பிலிருந்து பிறந்த யோசனை இது. அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் பொருள்களின் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று கலக்கும் அந்தக் காட்சியையே அவர் உலகமாக்கினார். மரத்தின் இலைக்குள் நுழையலாம், வேருக்கு அடியில் போகலாம், எதையும் பற்ற முடியாது. வெளியே வந்த சிலர் அழுதார்கள். 1998இல் அவர் செய்த 'எஃபெமியர்' என்ற படைப்பில் பார்வைக்கு ஒரு வேலை உண்டு: மண்ணுக்குள் கிடக்கும் விதையை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது முளைத்துப் பூக்கும். அதே தொழில்நுட்ப அடிப்படை, பார்வை நிலைத்த நேரத்தை அளப்பது. அட்டவணையில் கால் விநாடியாகச் சுருங்கிய பார்வை இங்கே பொறுமைக்குப் பரிசு வாங்குகிறது. இந்த வழி தொழிலாக வளரவில்லை. வளர்ந்தது பற்றும் கைதான்.

இன்றைய கணக்கு கொஞ்சம் கனமானது. 2020இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 511 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். தலையும் கையும் அசையும் விதத்தை ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பதிவுசெய்ததை வைத்தே, அவர்களில் 95 விழுக்காட்டினரைக் கணினி சரியாக அடையாளம் கண்டது. முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். கையெழுத்தைப்போலக் கையசைவும் நம்மைக் காட்டிக்கொடுக்கும். முகமில்லாமல் உலவ இணையத்தை நாடிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த எண் என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் கே ஸ்டானியும் உடன் ஆய்ந்தவர்களும், ஹெட்செட்டில் பெண்களுக்கு அதிகம் குமட்டுவதற்குப் பெண்ணுடலைக் காரணம் சொல்லும் பேச்சைச் சோதித்தார்கள். பெண்களின் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக ஆண்களைவிடச் சற்றுக் குறைவு. அந்தத் தூரத்துக்குக் கருவியின் லென்ஸ் பொருந்தாததே முதன்மைக் காரணம் என்று கண்டார்கள். பல ஆண்டுகள் 'பெண்களுக்கு ஒத்துக்கொள்ளாது' என்று சொல்லிக்கொண்டிருந்தது சில மில்லிமீட்டர் விஷயம்.

கண்ணால் மட்டுமே பேசக்கூடியவர்களுக்கு, நரம்பு நோயால் கை கால் நின்றுபோனவர்களுக்கு, இதே தொழில்நுட்பம் வாயாகவும் விரலாகவும் இருக்கிறது என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் இதை வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை.

பொங்கலுக்குத் திருப்பூர் போயிருந்தபோது அக்காவிடம் குரோனோசைக்கிள்கிராஃப் படம் ஒன்றைப் போனில் காட்டினேன். இருட்டில் சுழித்து ஓடும் வெள்ளைக் கோடு. கோலமா என்று கேட்டாள். ஒரு பெண்ணின் விரலில் விளக்கைக் கட்டி எடுத்தது என்றேன். திரையை விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புள்ளி நெருங்கி இருந்தா மெதுவாப் போச்சுன்னு சொன்னியல்ல? இங்க பாரு, எல்லாம் நெருக்கமாத்தான் இருக்குது. அந்தப் புள்ள வேணும்னே மெதுவா மடிச்சிருக்கா" என்றாள். "கடிகாரத்தோட அந்த ஆளு வந்து நின்னா நாங்களும் அப்படித்தான். வேகமா மடிச்சுக் காட்டுனா அடுத்த நாள்ல இருந்து அதையே கேப்பானுங்க. அவரு அந்தப் பக்கம் போனதும் பழைய வேகத்துக்கு வந்துருவோம்."

சினிமாக் கேமரா வந்தால் இப்படி ஏமாற்ற முடியாது என்று நம்பியவர்கள் கில்பிரெத்கள். நான் அதைச் சொல்லவில்லை. அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசியபடியே கட்டிலில் கிடந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள். மடிக்கும்போது அவள் துணியைப் பார்க்கவே இல்லை.